மூளையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் வலிப்பும்: மகளுக்கு லெட்ரோசோல் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. பள்ளி நாளிலிருந்தே வலிப்பு இருக்கிறது. மாத்திரையைத் தவறாமல் போட்டாலும், மாதவிடாய் நெருங்கும்போது ஃபிட்ஸ் வந்துவிடுகிறது. மூளையே ஈஸ்ட்ரோஜன் சுரப்பதாகவும், அதைத் தடுத்தால் வலிப்பு அடங்கும் என்றும் படித்தேன். லெட்ரோசோல் அதைத் தடுக்குமாமே, கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அது உங்கள் மகளின் பிரச்சினையைப் பற்றியது அல்ல.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சினைப்பையில் மட்டும் சுரப்பதில்லை. அரோமடேஸ் என்ற நொதி மூளையிலும் இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. லெட்ரோசோல் தடுப்பது இந்த நொதியைத்தான். அதனால் ஆண்களின் மூளையிலும் இது உண்டாகும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட்டோ, வூலி இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு மருந்து கொடுத்து நிற்காத வலிப்பை வரவழைத்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அப்போது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி கூடியது. கடும் வலிப்பு வந்த எலிகளில் அதன் அளவும் அதிகம். ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களை மேலும் தூண்டிவிடும். வலிப்பு ஈஸ்ட்ரோஜனைக் கூட்ட, ஈஸ்ட்ரோஜன் வலிப்பை வளர்க்கிறது. வலிப்பு தொடங்கிய பிறகு அரோமடேஸைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோதும் வலிப்பு நன்றாகவே அடங்கியது.

இது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. நிற்காத வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு நாளை இது உதவக்கூடும். தினமும் வீட்டில் போடும் மாத்திரைக்கு இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

உங்கள் மகள் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்ததும், பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை முடுக்கிவிடும், கருமுட்டை வளரும். குழந்தைப்பேறு சிகிச்சையில் இதே மாத்திரையைக் கொடுப்பது அதற்காகத்தான். கர்ப்பமாக இருந்தால் கருவுக்கும் ஆபத்து.

மாதவிடாயை ஒட்டி வரும் வலிப்புக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் குறைவதுதான் காரணம். அதிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்தும். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. மாதத்தின் நடுவில், கருமுட்டை வெளிவரும் சமயத்தில் வலிப்பு வந்தால், அங்கே ஈஸ்ட்ரோஜன் ஏற்றத்தைச் சந்தேகிக்கலாம்.

இரண்டில் எது என்று தெரிய வீட்டுக் காலண்டரே போதும். மாதவிடாய் தொடங்கும் தேதியை வட்டமிடுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், முந்தின இரவு தூக்கம் கெட்டதா, மாத்திரை விட்டுப்போனதா என்று அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் நல்லது. மாதவிடாய்க்கு முந்தைய மூன்று நாளும் தொடங்கிய முதல் மூன்று நாளும் சேர்ந்த அந்த ஆறு நாளில் மற்ற நாட்களைவிட இரு மடங்கு வருகிறதா என்றுதான் நரம்பியல் மருத்துவர் பார்ப்பார். நாட்கள் தெளிவாகத் தெரிந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் க்ளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையைச் சேர்ப்பதுண்டு. இயற்கைப் புரோஜெஸ்டிரோனைப் பரிசோதித்த பெரிய ஆய்வில் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. மாதவிடாயை ஒட்டி வலிப்பு பல மடங்கு கூடுகிறவர்களுக்குப் பலன் இருந்தது.

பிசிஓடி என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? மகள் லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரை போடுகிறவள் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை போடுகிறாள் என்றால், கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்; அது கருவைப் பாதிக்கும். எதையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.