பள்ளியில் செய்யும் சுற்றுச்சூழல் புராஜெக்ட் வேலைக்கு வழிகாட்டுமா?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிப் புராஜெக்ட் செய்கிறான், மதிப்பெண்ணைத் தாண்டி இதில் என்ன பலன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயம் பலன் உண்டு. ஆனால் சார்ட் பேப்பரில் படம் ஒட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஆறு மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில் ஒரு பாட்டில், திருநெல்வேலி நகரின் குறுக்குத்துறையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கட்டும். காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு வரும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கையுறை போட்டு, வேதியியல் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்யணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகங்களிலும் இதுபோன்ற சோதனைகள்தான் அன்றாட வேலை. அவன் கை அதில் லயிக்கிறதா என்று பாருங்கள். லயித்தால் வேதியியலோ சுற்றுச்சூழல் பொறியியலோ எடுக்கலாம்.

பறவைகள் பிடிக்குமென்றால் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். வீட்டு மரத்திலேயே நாரைகள் கூடு கட்டுகிற ஊர் அது. பறவைக் கணக்கெடுப்பில் ருசி கண்ட பிள்ளைக்கு விலங்கியல், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி எல்லாம் இருக்கின்றன. இயந்திரம்தான் பிடிக்கும் என்றால் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. பராமரிப்பு வேலைக்கு ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களும் போகிறார்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் அவனையே பேச விடுங்கள். சம்பளம், வெயில், இரவுப் பணி எல்லாவற்றையும் அவனே கேட்கட்டும்.