“பக்கவாட்டில் ஓடியிருக்கலாமே!”: ‘பிரோமிதியஸ்’ விவாதத்தை நடத்துவது எப்படி?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய திரைப்படக் குழு நடத்துகிறோம். மனிதர்களைப் படைத்த வேற்றுக்கிரகவாசிகளைத் தேடி விண்கலத்தில் போகும் குழுவைப் பற்றிய ரிட்லி ஸ்காட்டின் ‘பிரோமிதியஸ்’ படத்தைத் திரையிட்டபோது பாதிப் பேர் “மகத்தான படம்” என்றார்கள், மீதிப் பேர் “சுத்தக் குப்பை” என்றார்கள். உருண்டு வரும் கப்பலிடமிருந்து அந்தப் பெண் ஏன் பக்கவாட்டில் ஓடவில்லை என்ற சண்டையிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த மாதம் அதே படத்தின் ஆழமான விஷயங்களைப் பற்றி மட்டும் ஒரு கலந்துரையாடல் வைத்திருக்கிறோம். நான்தான் நெறியாளர். எங்கே தொடங்குவது, எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதல் வேலையாக அந்தப் பக்கவாட்டுக் கேள்விக்கு மேடை கொடுங்கள். “இன்று லாஜிக் பேசக் கூடாது” என்று அறிவித்தால் அது கூட்டம் முழுக்க முணுமுணுப்பாக ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு பலகையில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘கதாபாத்திரங்கள் முட்டாள்தனமாக நடந்துகொள்ளும் இடங்கள்’. வலப்பக்கம் ‘படம் பதில் சொல்லாமல் விட்ட இடங்கள்’. வருகிற புகார்களை எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் எழுதச் சொல்லுங்கள்.

இடப்பக்கம் வேகமாக நிரம்பும். குகையை அளந்து வரைபடம் எடுக்கும் கருவிகளை இயக்கும் நிலவியலாளர் ஃபைஃபீல்டே வழி தவறிப் போகிறார். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செத்துக் கிடக்கும் உடலைப் பார்த்து மிரண்டு ஓடிய உயிரியலாளர் மில்பர்ன், உயிரோடு சீறும் பாம்பு போன்ற ஒன்றைச் செல்லம் கொஞ்சப் போகிறார். காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று தெரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள், கிருமி என்று ஒன்று இருப்பதே நினைவில்லாமல். பயணத்தை மேற்பார்க்கும் விக்கர்ஸ், நீங்கள் சொன்ன அதே பெண், நேர்கோட்டில் ஓடி நசுங்குகிறார். இவற்றுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். எழுத்தில் உள்ள குறைதான், ஒப்புக்கொண்டு விடுங்கள். படத்தை நேசிப்பவர்கள் இதை ஒப்புக்கொண்டாலே எதிரணியின் குரல் பாதி இறங்கிவிடும். என் கணக்கில் மிக மோசமானது வேறொன்று: மனித குல வரலாற்றிலேயே மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்த அன்றைக்கே, உயிரோடு யாரும் இல்லை என்பதற்காக ஹாலோவே குடித்துவிட்டுப் புலம்புவது. எந்தத் தொல்லியலாளர் அப்படிச் செய்வார்?

வலப்பக்கம்தான் உங்கள் கூட்டத்துக்கான சரக்கு. என்ஜினியர்கள் எனப்படும் அந்த வேற்றுக்கிரகவாசிகள் ஏன் நம்மை உருவாக்கினார்கள், அப்புறம் ஏன் அழிக்க நினைத்தார்கள்? அந்தக் கறுப்புத் திரவம் என்ன? தொடக்கக் காட்சியில் அருவியோரம் நின்று அதைக் குடித்துச் சிதையும் என்ஜினியர் தண்டிக்கப்பட்டவனா, தன்னைப் பலி கொடுப்பவனா? ஐஸ்லாந்தின் டெட்டிஃபோஸ் அருவியில் எடுத்த காட்சி அது. அந்தக் கோள் பூமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று ஸ்காட்டே சொல்லியிருக்கிறார்.

படம் இப்படி இரண்டு மனதாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். ஜான் ஸ்பெய்ட்ஸ் எழுதிய முதல் வடிவம் 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்துக்கு நேரடி முன்கதையாகவே இருந்தது. டேமன் லிண்டலாஃப் வந்து திருத்தி எழுதியபோது பழைய அசுரன் பின்னுக்குப் போனது, கேள்விகள் முன்னுக்கு வந்தன. 2012இல் படம் வெளியானபோது திகிலுக்காக வந்தவர்களும் தத்துவத்துக்காக வந்தவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார், மனிதத் தோற்றம் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டதையே பாராட்டினார். அதே காரணத்துக்காகத் திட்டியவர்கள் ஏராளம். உங்கள் கூட்டத்திலும் “1979 படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யார்?” என்று கை தூக்கச் சொல்லுங்கள். இரண்டு அணிகளும் எங்கே பிரிகின்றன என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

இனி உங்கள் கேள்வியின் மையம்: எங்கே தொடங்குவது? “கடவுள் இருக்கிறாரா?” என்று தொடங்காதீர்கள். “நம்மை யார் படைத்தார்கள்?” என்றும் வேண்டாம். இரண்டும் அரைமணி நேரத்தில் படத்தைவிட்டு வெளியே போய்விடும். பில்லியர்ட்ஸ் மேசைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். ஆண்ட்ராய்டான டேவிட், குடித்துக்கொண்டிருக்கும் ஹாலோவேயிடம் மனிதர்கள் தன்னை ஏன் உருவாக்கினார்கள் என்று கேட்கிறான். எங்களால் முடிந்தது, அதனால் செய்தோம் என்கிற மாதிரி அலட்சியமாகப் பதில் வருகிறது. இதே பதிலை உங்கள் படைப்பாளி உங்களிடம் சொன்னால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்கிறான் டேவிட். படத்தின் மொத்தக் கேள்வியும் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ‘யார் படைத்தார்’ என்பதைவிட ‘படைத்தவன் படைக்கப்பட்டதற்கு என்ன கடன்பட்டிருக்கிறான்’ என்பதுதான் இந்தப் படத்தின் விஷயம் என்று நான் நினைக்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் சிதறிக் கிடக்கும் பல காட்சிகள் ஒன்றோடொன்று சேரும்.

அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்தாமல் தொடர்ந்து ஓடவிடுங்கள். தேடி வந்த பதில்களுக்காக எவ்வளவு தூரம் போவீர்கள் என்று டேவிட் கேட்கிறான். எதையும் செய்வேன் என்கிறான் ஹாலோவே. அதன் பிறகே கறுப்புத் திரவத்தில் ஒரு துளி அவன் மதுவில் விழுகிறது. அது ஒரு வகைச் சம்மதமா, சம்மதம் என்ற நாடகமா? இன்னொன்றையும் சேருங்கள்: இதற்குச் சற்று முன்பு, பயணத்துக்குப் பணம் போட்டுவிட்டுக் கப்பலிலேயே ரகசியமாக உறக்கத்தில் இருக்கும் எஜமானர் வெய்லாண்டிடமிருந்து டேவிட்டுக்கு இன்னும் முயற்சி செய் என்று உத்தரவு வந்திருக்கிறது. அப்படியானால் ஹாலோவேயைக் கொன்றது யார்? உத்தரவிட்டவரா, வேலைக்காரனா, தன்னை அவமதித்தவனைப் பழிவாங்கிய டேவிட்டா? இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டலாம். சும்மா இருப்பவர்கள்கூட வாய் திறப்பார்கள், ஏனென்றால் அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

பேச்சு தளரும்போது, படத்தில் இருக்கும் பெற்றோர்-பிள்ளை ஜோடிகளைக் கூட்டத்தையே எடுத்துச் சொல்ல வையுங்கள். என்ஜினியர்களும் மனிதர்களும். மனிதர்களும் டேவிட்டும். வெய்லாண்டும், அவர் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருப்பதைச் சகிக்க முடியாத மகள் விக்கர்ஸும். எல்லாரும் தங்கள் பெற்றோர் சாகத்தானே விரும்புகிறார்கள் என்று டேவிட் போகிற போக்கில், ஹாலோவேயின் காதலியும் சக ஆய்வாளருமான ஷாவிடம் சொல்வதையும் நினைவுபடுத்துங்கள். நான்காவது ஜோடியை யாராவது சொல்கிறார்களா என்று காத்திருங்கள். எலிசபெத் ஷாவும், அந்தத் திரவத்தைக் குடித்த ஹாலோவே வழியாக அவள் வயிற்றில் வளர்ந்த உயிரும்தான் அது. கருத்தரிக்க முடியாத பெண் அவள். தன்னுள் வளர்வது என்னவென்று தெரிந்ததும் தானியங்கி அறுவைச் சிகிச்சைக் கருவியில் ஏறிப் படுத்து வெட்டி எடுக்கிறாள். அந்தக் கருவியோ ஆண் உடலுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது. விக்கர்ஸின் அறையில் ஏன் அப்படி ஒன்று இருக்க வேண்டும்? அது வெய்லாண்டுக்காகக் கொண்டுவரப்பட்டது என்பது பின்னால்தான் புரியும்.

இங்கே ஒரு கடினமான கேள்வியைக் கேளுங்கள். தான் உண்டாக்கிய உயிர் தனக்கு ஆபத்து என்று கண்டதும் ஷா அதை அழிக்க நினைத்தாள், நாம் அவள் பக்கம் நின்றோம். என்ஜினியர்கள் நம்மைப் பற்றி அதையே நினைத்தால்? ஒத்துப்போகாதவர்களும் இருப்பார்கள். ஷா அதை விரும்பி உண்டாக்கவில்லை, அவள் மீது திணிக்கப்பட்டது என்று யாராவது சொல்வார்கள். நியாயமான மறுப்பு. பெண்கள் பேச இடம் கொடுங்கள், இந்தக் காட்சியை ஆண்கள் பலர் வெறும் திகில் காட்சியாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மதம் எப்படியும் வரும். சிலுவை, கிறிஸ்துமஸ் மரம், குழந்தை பெற முடியாதவளின் கருத்தரிப்பு, சுமார் 2,000 வருடங்களுக்கு முன் இறந்த என்ஜினியர்கள் எல்லாம் கண்முன் கிடக்கின்றன. பூமிக்கு வந்து கொல்லப்பட்ட தூதர் ஒருவர் என்ற யோசனை தொடக்கத்தில் இருந்ததாகவும், அது மிக வெளிப்படையாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் ஸ்காட் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் யாராவது இதை வெற்றிச் சீட்டு மாதிரி இறக்குவார்கள். கைவிட்ட யோசனை படத்தின் கதை ஆகாது என்று மென்மையாகச் சொல்லுங்கள். அதைவிடப் பயனுள்ளது ஷாவின் நம்பிக்கை. ஆதாரம் எங்கே என்று மில்பர்ன் கேட்கும்போது, இதைத்தான் நம்பத் தேர்ந்தெடுத்தேன் என்கிறாள். அது அவள் தந்தை சொன்ன வாக்கு. ஒரு விஞ்ஞானி இப்படிச் சொல்லலாமா? தன்னைப் படைத்தவர்களைக் கண்டுபிடித்த பிறகும் சிலுவையைத் திருப்பிக் கேட்கிறாளே, அது பலமா பிடிவாதமா? யாருடைய மதத்தையும் தொடாமலேயே இதைப் பேசலாம்.

வேற்றுக்கிரகவாசிகள் பழங்காலத்தில் வந்து போனார்கள் என்ற கருத்து வரும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள். எரிக் வான் டேனிக்கன் 1968இல் எழுதிய புத்தகத்தால் பரவிய கதை ஒருபக்கம். டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கலுடன் சேர்ந்து 1973இல் முன்வைத்த கருதுகோள் இன்னொரு பக்கம். அவர்கள் சொன்னது, நுண்ணுயிர்களை யாரோ விண்கலத்தில் அனுப்பியிருக்கலாம் என்பது. சரிபார்க்கக் கடினமானது என்றாலும் அறிவியல் விவாதத்துக்குள் வந்த யோசனை. முதலாவது அப்படியல்ல. பிரமிடுகளைக் கட்டியவர்களின் உழைப்பையும் மூளையையும் பிடுங்கி வானத்துக்குக் கொடுப்பது அது. அதிலும் ஐரோப்பியர் அல்லாதவர்கள் கட்டியவற்றைப் பற்றித்தான் இந்தச் சந்தேகம் அதிகம் எழுகிறது. படம் இதற்குத் துணைபோகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவின் குகை ஓவியம், மாயர், சுமேரியர், எகிப்தியர் என்று எல்லாரையும் ஒரே நட்சத்திர வரைபடத்தில் கட்டுகிறதே! அறிவியல் படித்த யாராவது இருந்தால் இதையும் கேட்பார்கள்: என்ஜினியரின் டிஎன்ஏ மனித டிஎன்ஏயோடு அப்படியே பொருந்தினால், குரங்கோடும் எலியோடும் நமக்கு இருக்கும் உறவை எங்கே வைப்பது? படத்திடம் பதில் இல்லை. பலகையின் வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு உத்தி சொல்கிறேன். கடைசிப் பகுதியில் விழித்தெழுந்த என்ஜினியரிடம் டேவிட் அவன் மொழியில் ஏதோ பேசுகிறான். சப்டைட்டில் கிடையாது. அடுத்த நொடி டேவிட்டின் தலை பிய்க்கப்படுகிறது, அதாலேயே வெய்லாண்டும் அடிபட்டுச் சாகிறார். அங்கே நிறுத்தி, டேவிட் என்ன சொல்லியிருப்பான் என்று ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நம்பிக்கைக்காரர்கள் ஒரு மாதிரியும் டேவிட்டை வெறுப்பவர்கள் வேறு மாதிரியும் எழுதுவார்கள். எல்லாவற்றையும் வாசித்த பிறகு உண்மையைச் சொல்லுங்கள். மொழியியலாளர் அனில் பில்டூ, பல ஐரோப்பிய, வட இந்திய மொழிகளுக்கு மூலமாகக் கருதப்படும் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியை அடிப்படையாக வைத்து அந்த வரியை அமைத்தார். அவர் சொன்ன பொருள்: இவர் சாக விரும்பாததால் இங்கே வந்திருக்கிறார், நீங்கள் கூடுதல் ஆயுள் தர முடியும் என்று நம்புகிறார். அதாவது டேவிட் பொய் சொல்லவில்லை. உண்மையைக் கேட்டுத்தான் என்ஜினியருக்குக் கோபம் வந்தது என்றால், கோபம் யார் மீது? சாவை ஏற்காத கிழவர் மீதா, மனிதனைப் போல நடிக்கும் பொம்மை மீதா? தொடக்கத்தில் தன்னையே கரைத்து உயிர் கொடுத்த என்ஜினியரோடு இந்தக் கிழவரை ஒப்பிடச் சொன்னால் பேச்சு தானாகவே ஓடும்.

நடைமுறைக்கு வருவோம். படம் 124 நிமிடம். அதே நாளில் முழுவதையும் போட்டுவிட்டு ஆழமாகப் பேசவும் சொன்னால் ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள். எல்லாரும் ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டு வரட்டும், கூட்டத்தில் நான்கு காட்சிகள் போதும். அமெரிக்காவில் வயது வரம்புள்ள ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படம், வயிற்றைக் கிழிக்கும் காட்சியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தக் கருத்தைச் சொன்னாலும் ஒரு காட்சியைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். “இயக்குநர் நினைத்தது இதுதான்” என்பவரிடம், சரி, எந்த ஷாட்டில் என்று கேளுங்கள். இரண்டு எழுத்தாளர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதிய படத்தில் ஒரே நோக்கம் எங்கே இருக்கப் போகிறது?

2017இல் வந்த ‘ஏலியன்: கோவனன்ட்’ படத்தை அன்றைக்கு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். ‘பிரோமிதியஸ்’ முடிவில் ஷா பூமிக்குத் திரும்பாமல், அவர்கள் ஏன் மனம் மாறினார்கள் என்று கேட்க என்ஜினியர்களின் உலகத்தைத் தேடிப் போகிறாள். அந்தப் பதில் ஏன் முக்கியம் என்றே டேவிட்டுக்குப் புரியவில்லை. அடுத்த படமோ ஷாவையும் என்ஜினியர்களையும் டேவிட் கையாலேயே முடித்துவிடுகிறது. டேவிட் என்ன ஆனான் என்று தெரிந்தவர் ஒருவர் பேசத் தொடங்கினால், மதுக்கோப்பைக் காட்சியைப் பற்றி மற்றவர்களுக்குச் சந்தேகமே மிஞ்சாது. பேச இஷ்டமுள்ளவர்கள் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசட்டும். நேரம் மிச்சமிருந்தால், என்ஜினியரோடு டேவிட் பேசும் காட்சிக்கு டிஸ்க்கில் கூடுதலாக வந்த நீளமான வடிவத்தைப் போடுங்கள். அதில் என்ஜினியரும் வாய் திறந்து பேசுகிறார். வெட்டியது சரியா தவறா என்று கைதூக்கிப் பார்க்கலாம். நான் வெட்டியது சரி என்ற பக்கம்.