வெல்மாவைக் கெடுத்தது யார்?

அன்புள்ள அக்கா,

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஸ்கூபி-டூ பைத்தியம், நான்கு இளையரும் ஒரு நாயும் மர்மங்களைத் துப்பறியும் அமெரிக்கக் கார்ட்டூன் அது. தொடக்கப்பள்ளியில் மாறுவேட நாளன்று, நம் ஊர் வெயிலில், அந்த நால்வரில் கண்ணாடி போட்ட வெல்மாவின், கழுத்துவரை மூடிய ஆரஞ்சு ஸ்வெட்டரைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போனவள். 'வெல்மா' தொடரில் வெல்மா இந்தியப் பெண்ணாக வருகிறாள் என்றதும், பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்பதைக்கூடக் கவனிக்காமல் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். பாதியிலேயே நிறுத்தினோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இணையத்தில் போய்ப் பார்த்தால் என்னைப் போலவே ஏகப்பட்ட பேர். ஆனால் அதில் பலர் "இந்தியப் பெண் எதற்கு?" என்று கேட்பவர்கள். அவர்களோடு சேர்ந்து நிற்கக் கூச்சமாக இருக்கிறது. பழகிய பாத்திரத்தை மாற்றவே கூடாதா? மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் புதிதாக ஒரு பெண்ணை உருவாக்கலாமே?

ர., ஈசூன்

அன்புள்ள ர.,

கூச்சப்பட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் இரண்டு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தொடர் வருவதற்கு முன்பே வந்த கோபம். அமெரிக்க நடிகை மிண்டி கேலிங் குரல் கொடுக்கும் வெல்மா தெற்காசியப் பெண் என்று 2021இல் தெரிந்ததுமே, ஒரு காட்சிகூட வெளிவராத நிலையில், ஆரம்பித்துவிட்டார்கள். 2009இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் வெல்மாவாக நடித்த ஹேலி கியோகோவின் தாய் ஜப்பானிய வம்சாவளி. அப்போது வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இவர்களை விட்டுவிடலாம்.

உங்களுடையது பார்த்தபின் வந்த கோபம். 2023 ஜனவரியில் வந்த முதல் எபிசோடின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குளியலறையில் மாணவிகள் குளித்தபடியே, தொடர்களின் முதல் எபிசோடில் தேவையில்லாமல் நிர்வாணம் காட்டுவதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். 'தெரிந்துதான் செய்கிறோம்' என்று நம்மைப் பார்த்து ஒரு கண்சிமிட்டல். ஒருமுறை சிரிக்கலாம். அப்புறமும் இதே கண்சிமிட்டல்தான். வெல்மாவின் அம்மா காணாமல் போயிருக்கிறாள். அந்தக் குற்றவுணர்வில், துப்பறிய உட்கார்ந்தாலே இவளுக்குப் பயங்கரப் பிரமைகள் வருகின்றன. நல்ல கரு இது. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் எங்கேயோ போயிருக்கும். இங்கே மனது கனக்கத் தொடங்கும் இடத்திலெல்லாம் ஒரு ஜோக் வந்து காலைத் தட்டிவிடுகிறது. போதாததற்கு, தன் உடம்பைத் தானே கிண்டலடித்துக்கொண்டு அதே கூட்டத்துப் பையன் ஃபிரெட் பின்னால் சுற்றும் பெண். தெற்காசியப் பெண்களே பலர் எரிச்சலானது இதற்குத்தான். (உருவாக்கியவர் சார்லி கிராண்டி. திட்டு என்னவோ குரல் கொடுத்துத் தயாரிப்பிலும் இருந்த சொக்கலிங்கம் மகள் கேலிங்குக்குத்தான் அதிகம்.)

1969இல் வந்த வெல்மாவுக்குக் கண்ணாடி கீழே விழும். தவழ்ந்து, தரையைத் துழாவித் தேடுவாள். கண்ணாடி போடாத பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிங்கப்பூரில் அந்தக் காட்சியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டால், கூட வரும் மூவருக்கும் நாய்க்கும் படாதது அவள் கண்ணில் படும். உங்கள் மகள் வியர்க்க வியர்க்க அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டது இந்தப் பெண்ணுக்காகத்தான். நிறம் எதுவானாலும் இவள் இருந்தால் போதும் என்றுதான் நானும் பார்த்தேன். புதிய தொடரை எழுதியவர்களுக்கு இவளைப் பார்த்தால் வெட்கம்போல.

மாற்றினாலே ரசிகர்கள் கொதிப்பார்கள் என்பதும் சரியில்லை. 2022 அக்டோபரில் வந்த ஸ்கூபி-டூ படம் ஒன்றில் வெல்மா ஒரு பெண்ணைப் பார்த்து முகம் சிவந்து தடுமாறுகிறாள். ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். மூன்றே மாதத்தில் அதே வெல்மாவுக்கு இந்த வசவு.

பழகியதை மாற்றக் கூடாதா என்பது கம்பனை வைத்துக்கொண்டு நாம் கேட்கிற கேள்வியா? இரணியன் வதைப்படலம் வால்மீகியில் கிடையாது. மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று திருவரங்கத்து அரங்கேற்றத்தில் பண்டிதர்கள் முரண்டு பிடிக்க, அந்தக் கோயில் நரசிம்மரான மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஒப்புக்கொண்டதாகக் கதை. வால்மீகியை நினைத்து வெட்கப்பட்டு எழுதியவனுக்கு அந்தப் படலம் வந்திருக்காது. கேலிங்குக்குத் தலையசைக்கச் சிங்கம் எதுவும் வரவில்லை. பார்த்தவர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பத்துக்கு 2க்கும் கீழே போட்டார்கள்.

புதிய பெண்ணை உருவாக்கலாமே என்கிறீர்கள். உருவாக்கலாம், யார் பார்ப்பார்கள்? நீங்களும் மகளும் உட்கார்ந்ததே வெல்மா என்ற பெயருக்காகத்தானே. திட்டுவதற்கென்றே பார்த்தவர்களும் சேர்ந்துதான் ஆரம்பத்தில் அந்தத் தொடருக்கு அத்தனை கூட்டம். இரண்டு பருவம் ஓடி, 2024 அக்டோபரில் இழுத்து மூடினார்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம், மகளுக்கு வயதும் போதாது. 2010இல் தொடங்கிய 'மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்' கிடைத்தால் இருவரும் பாருங்கள். அதிலும் வெல்மாவை நிறைய மாற்றியிருக்கிறார்கள், நாயின் உயிர்த்தோழனான ஷேகியோடு காதல்கூட உண்டு. நாய்க்கும் அவளுக்கும் ஷேகியை வைத்து நடக்கும் சண்டையை மட்டும் தவறவிடாதீர்கள்.