கணினி கேள்வி–பதில்: பதினாறு நிறத்தோடு நிற்கும் விண்டோஸ் 98

கேள்வி: கொக்குவிலில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். பழைய கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்), அழைப்பிதழ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் செய்தவை, ஒரு விண்டோஸ் 98 கணினியில் கிடக்கின்றன. போன மாதம் கிராபிக்ஸ் கார்ட் செத்துப்போக, இன்னொரு பழைய கார்டை வாங்கிப் போட்டேன். இப்போது 640×480, 16 நிறம், அவ்வளவுதான். வேறு எதையும் தெரிவுசெய்ய விடுகிறதில்லை. கார்ட் பழுதா?

பதில்: படம் தெளிவாக வருகிறதென்றால் பெரும்பாலும் கார்டில் பழுதில்லை, விண்டோஸுக்குத்தான் அதை யாரென்று தெரியவில்லை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைக்காட்சி முறையில் 640×480, 16 நிறம் என்பது ஒன்று, பிறகு வந்த கார்டுகளும் அதைக் கைவிடவில்லை. அதனால் சரியான ட்ரைவர் (கார்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) இல்லாத கார்டைக் கண்டால் 98 பேசாமல் அதற்கு இறங்கிவிடும். டிவைஸ் மனேஜரில் (கணினியின் பாகங்களைக் காட்டும் பட்டியல்) டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள், 'ஸ்டாண்டர்ட்' என்று தொடங்கும் பெயர் இருந்தால் விஷயம் இதுதான்.

கார்டைக் கழற்றி, சிப்பின் மேல் இருக்கும் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு அதற்குரிய 98 ட்ரைவரைத் தேடுங்கள். அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ட்ரைவர் இதற்குச் சரிவராது. என்விடியா கார்ட் என்றால் ஜீஃபோர்ஸ் 6 வரிசை வரைக்கும்தான் 98க்கு முறையான ட்ரைவர், 7இலிருந்து இல்லை. இன்னொரு கார்ட் நிறுவனமான ஏடிஐயும் 98 ட்ரைவரை 2006இன் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது, அதே வருடம் ஜூலையில் மைக்ரோசொஃப்டும் 98ஐக் கைகழுவியது. "98க்கும் போகும் அண்ணை" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு பின்னேரங்களைத் தொலைத்தவன் நான், ஆகவே இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டின் நினைவகமும் முக்கியம். 1024×768இல் 256 நிறத்துக்கு 768 கிலோபைட் போதும், 16 பிட் நிறம் (16 நிறமல்ல, ஆயிரக்கணக்கான நிறங்கள்) என்றால் அது இரட்டித்து 1.5 மெகாபைட் ஆகிவிடும், ஒரு மெகாபைட் கார்ட் அதைக் காட்டவே காட்டாது. நான்கு மெகாபைட் இருந்தால் அந்த அளவில் 32 பிட் நிறமே வரும், பேஜ்மேக்கருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ட்ரைவர் போட்ட பிறகு தட்டை மொனிற்றர் கறுத்துப்போய் 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்றால் பதறவேண்டாம். மொனிற்றர் தாங்காத அளவோ, படத்தைப் புதுப்பிக்கும் வேகமோ போயிருக்கிறது. கணினி தொடங்கும்போது எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் நிலை) போய் அளவை 640×480க்கு இறக்கி, வழமைபோல் தொடக்கி, முதலில் வேகத்தை 60 ஹேர்ட்ஸில் வைத்துவிட்டு அளவைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

இன்னொன்று, கார்டை விடுங்கள், அந்த வயதில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் எனக்குப் பயம். பேஜ்மேக்கர் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் இன்றைக்கே வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: மகனின் பழைய விளையாட்டு சீடி, எக்ஸ்பியில் போட்டால் "256 நிறத்துக்கு மாற்றவும்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. எக்ஸ்பியில் அந்தத் தெரிவே இல்லையே? (சாவகச்சேரி வாசகி)

பதில்: இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. விளையாட்டின் ஐகனில் வலது கிளிக், புரோப்பர்ட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி. அங்கே 256 நிறம், 640×480 இரண்டுக்கும் சரி அடையாளம் போடுங்கள். விளையாடும் நேரம் மட்டும் மாறும், மூடியதும் பழையபடி வரும். டெஸ்க்டொப் ஐகன்கள் இடம் மாறிக் கிடந்தால் மகனிடமே அடுக்கக் கொடுங்கள்.