பீப் சத்தம் கேட்டதும் புது ராம் வாங்க வேண்டாம்

மல்லாவியிலிருந்து ஒரு ஆசிரியை கேட்கிறார்: “ரியூசன் பிள்ளைகளுக்காகப் பழைய டெஸ்க்டொப் ஒன்று வைத்திருக்கிறேன். மாரி தொடங்கியதிலிருந்து ஃபான் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது, நீட்டி நீட்டி பீப் அடிக்கிறது. சிலவேளை திறந்தாலும், மெமரி மனேஜ்மென்ட் என்று நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. ராம் மாற்ற வேண்டுமா?”

பொறுங்கள் ரீச்சர். நீட்டி நீட்டி அடிக்கும் பீப், பெரும்பாலும் ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத் துண்டு, மதர்போட் என்ற தாய்ப்பலகைக்குப் பிடிபடவில்லை என்பதன் அறிகுறி. பிடிபடாத ராம் எல்லாம் பழுதான ராம் இல்லை. கோடை முழுக்க ஃபான் இழுத்துப்போட்ட செம்மண் புழுதியில் மாரி ஈரம் ஊறினால், ராம் சரியாகத் தொடாமல் போய்விடும். ஒருமுறை நான் திறந்த பெட்டி ஒன்றில் ராம் செருகும் ஸ்லொட்டுக்குள்ளேயே சிற்றெறும்பு குடியிருந்தது.

முதலில் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்தால் மிச்சக் கரண்டும் போய்விடும். மூடியைத் திறந்து, பெட்டியின் வெறும் இரும்பில் கையை வைத்துவிட்டு, இரு பக்கக் கிளிப்பையும் விரித்து ராமை எடுங்கள். அடியில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் அவற்றை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மண்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். ஸ்லொட்டுக்குள் வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போகும். திரும்பப் போடும்போது கிளிப் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள்.

இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஸ்லொட்டையும் மாற்றிப் பாருங்கள். ஒரே ராம் எல்லா ஸ்லொட்டிலும் பீப் அடித்தால் பழுது அதில்தான். கணினி திறந்துவிட்டால் விண்டோஸோடு வரும் ராம் சோதனைக் கருவியான விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்கை ஓடவிடுங்கள். அது பிழை காட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

திகதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போகிறதா? அது வேறு கதை. மதர்போட்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பற்றறியை மாற்றினால் சரி.

மாற்றத்தான் வேண்டுமென்றால், கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும்போது பழைய ராமையும் கையில் கொண்டுபோங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ராம் வகைக்கும் 240 பின் (அந்தப் பொன்னிறப் பற்கள்)தான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது இறங்காது.