வார இறுதி பர்கரும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் ரூ.48,000. சனிக்கிழமைதோறும் மனைவி, இரு பிள்ளைகளுடன் மெட்ரோவில் ஆயிரம் விளக்கு சென்று, அங்குள்ள அமெரிக்க பாணி உணவகம் ஒன்றில் பர்கர், மாக் அண்ட் சீஸ், மில்க்‌ஷேக் என்று சாப்பிடுவது பழக்கமாகிவிட்டது. பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுகிறேன். மாத வட்டி 3.5 சதவீதம், பாக்கி இப்போது ரூ.62,000. சில மாதங்களாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டுகிறேன். தபால் நிலையத்தில் மாதம் ரூ.3,000 வீதம் இரண்டு ஆண்டுகளாக ஆர்.டி. போட்டு வருகிறேன். வெளியே சாப்பிடுவதை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் மனைவி. நிறுத்தினால் கடன் தீருமா? ஒரு பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: நிறுத்தினால் மட்டும் தீராது. ரூ.62,000-க்கு மாத வட்டி ரூ.2,170, அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் ஏறத்தாழ ரூ.2,560. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது ரூ.3,100, அதில் அசலுக்குப் போய்ச் சேருவது ரூ.540 தான். பாக்கி நிலுவையில் இருக்கும்வரை வட்டியில்லாக் காலச் சலுகையும் கிடையாது என்பதால், சனிக்கிழமை சாப்பிட்ட பர்கருக்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் பில்லைப் பார்த்தேன். ரூ.1,920 வரை வந்த கணக்கில், கடைசி வரியில் ரூ.180-க்கு ஒரு பிரௌனி ஏறியிருக்கிறது. ரூ.2,000-க்கு மேல் செலவழித்தால் கார்டுக்கு ரூ.150 கேஷ்பேக் என்ற அறிவிப்பு அதே படத்தின் ஓரத்தில் தெரிகிறது. நூற்றைம்பது ரூபாய்க்காக நூற்றெண்பது ரூபாய் செலவு! ஆக ரூ.2,100, அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் ரூ.210, இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.115.50, மொத்தம் ரூ.2,425.50. மாதம் நான்கு முறை என்றால் ரூ.9,700-ஐத் தாண்டுகிறது.

ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆக வேண்டும். சேவைக் கட்டணம் அப்படியல்ல. அதை உணவகம் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பணம் கட்டுவதற்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மேலும், இவ்வகை உணவகங்களில் தட்டின் அளவு பெரியது என்பதால் ஆளுக்கொரு ஃப்ரைஸும் ஆளுக்கொரு ஷேக்கும் தேவையில்லை. உணவகத்துக்கு லாபம் கூடுதலாக நிற்பதும் அந்த உருளைக்கிழங்கிலும் பானத்திலும்தான்.

பர்கருக்குப் பதிலாக செகண்ட் லைன் பீச் தெருக்கடையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அத்தோ எனக்கும் பிடிக்கும், ஆனால் உங்கள் பிள்ளைகள் கேட்பது அதுவல்ல. அடியோடு நிறுத்திய வீடுகளில் இரண்டு மாதம் கழித்து அதே செலவு டெலிவரி செயலி வழியாகத் திரும்பி வருவதைத்தான் பார்க்கிறேன். மாதம் ஒரு முறை போங்கள். சேவைக் கட்டணம் இல்லாமல் ரூ.2,205 ஆகும், அதை வங்கிக் கணக்கிலிருந்தே யு.பி.ஐ.யில் கட்டுங்கள். அப்படிச் செய்தால் மாதம் சுமார் ரூ.7,500 மிஞ்சும்.

அடுத்து ஆர்.டி.க்கு வருவோம். தபால் நிலைய ஆர்.டி. உங்களுக்குத் தருவது ஆண்டுக்கு 6.7 சதவீதம், கார்டு உங்களிடம் வாங்குவது, வரியைச் சேர்க்காமலே, 42 சதவீதம். சேமிப்பு ஒரு பக்கமும் கடன் ஒரு பக்கமுமாக இருப்பது மனத்துக்கு ஆறுதல் தரலாம், கணக்குக்கு அது ஒத்துவராது. ஆனாலும் ஆர்.டி.யை முறிக்க வேண்டாம். மூன்று ஆண்டு முடியாமல் முறிக்கவும் முடியாது. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை கடன் பெறலாம், வட்டி ஆர்.டி. விகிதத்தைவிட 2 சதவீதம் அதிகம், அதாவது 8.7. நீங்கள் கட்டியிருப்பது ரூ.72,000 என்பதால் ரூ.36,000 கிடைக்கும். பாஸ்புத்தகத்துடன் கணக்கு உள்ள தபால் நிலையத்தில் விண்ணப்பித்து, வந்த தொகையை அப்படியே கார்டில் கட்டுங்கள்.

கார்டில் மீதி ரூ.26,000 நிற்கும். இப்போது கட்டும் ரூ.3,100-உடன் மிஞ்சிய ரூ.7,500-ஐயும் சேர்த்து மாதம் ரூ.10,600 வீதம் கட்டினால், வட்டியோடு சேர்த்து மூன்றாவது மாதத்தில் கார்டு பாக்கி முடிந்துவிடும். பிறகு அதே தொகையை ஆர்.டி. கடனுக்குத் திருப்பினால் மேலும் நான்கு மாதத்தில் அதுவும் அடையும். இந்தக் காலம் முழுவதும் ஆர்.டி. தவணையும் தவறக் கூடாது. உங்கள் சம்பளத்தில் அதற்கு இடமிருக்கிறது.

கார்டை இப்போதே ரத்து செய்யப் போக வேண்டாம். பாக்கியை முழுவதும் கட்டாமல் வங்கி கணக்கை மூடாது. வங்கிச் செயலியில் கடைப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை இரண்டையும் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. அடுத்த சனிக்கிழமைக்குள் அதைச் செய்துவிடுங்கள்.