கேமில் ரெசல்யூஷன் முக்கியமா, எஃப்.பி.எஸ் முக்கியமா? இரண்டில் எதைக் குறைக்கலாம்?

ஏற்ற இறக்கம் இல்லாத 60 எஃப்.பி.எஸ் (வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம்) கிடைக்கும்வரை ரெசல்யூஷனை (வரையப்படும் பிக்சல் எண்ணிக்கையை) விட்டுக்கொடுங்கள். அதைத் தாண்டியபின் போட்டி ஷூட்டர் ஆடுபவர் ஃப்ரேமைப் பார்க்கட்டும், கதை கேம் ஆடுபவர் ரெசல்யூஷனைக் கூட்டட்டும்.

எஃப்.பி.எஸ்ஸை நேரமாக மாற்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். 30-இல் ஒரு ஃப்ரேம் திரையில் 33.3 மில்லி செகண்ட் நிற்கிறது. 60-இல் 16.7, 120-இல் 8.3, 240-இல் 4.2. முதல் இரட்டிப்பில் கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட் மிச்சம், கடைசி இரட்டிப்பில் வெறும் 4. இதே கணக்கில் 40 எஃப்.பி.எஸ் என்பது 25 மில்லி செகண்ட், அதாவது 30-க்கும் 60-க்கும் சரிபாதி. பிஎஸ்5 கன்சோலில் ‘ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021-இல் 40 எஃப்.பி.எஸ் வசதியைக் கொண்டுவந்தது இதனால்தான். ஆனால் அதற்கு 120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும்) திரை வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 40 சீராகப் பொருந்தாது. ஒரு ஃப்ரேம் ஒரு சுற்றும் அடுத்தது இரண்டு சுற்றும் நிற்பதால் கேமரா திரும்பும்போது தடக் தடக்கென்று இருக்கும்.

ரெசல்யூஷன் பக்கம் வந்தால், 1080பி-யில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 4கே என்பது 1080பி-யைப்போல் நான்கு மடங்கு. இந்தச் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும், சிபியு மேல் அல்ல.

ஆகவே செட்டிங்கில் கைவைக்குமுன் ஒரு சோதனை. கேமின் அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் சிபியு (எஃப்.பி.எஸ்ஸைத் திரையின் ஹெர்ட்ஸுக்குள் அடக்கும் வி-சிங்க்கும் ஃப்ரேம் வரம்பும் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்). சிபியுதான் தடை என்றால் ரெசல்யூஷனைக் குறைத்து ஒரு லாபமும் இல்லை. கூட்ட அடர்த்தி, தொலைவுக் காட்சி இவற்றைக் குறையுங்கள். கார்டு சும்மா கிடப்பதால் ரெசல்யூஷனை ஏற்றினாலும் ஃப்ரேம் அவ்வளவாகக் குறையாது.

கார்டுதான் தடை என்றால் முதலில் ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரைவது), பிறகு நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு என்று இறக்குங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) தொட வேண்டாம். வீடியோ மெமரி போதும்வரை அது ஃப்ரேமை அதிகம் தின்னாது. மெமரி நிரம்பி வழிந்தால் கதை வேறு: திடீர் திடீரென்று விக்கும், அப்போது முதலில் குறைக்க வேண்டியதே டெக்ஸ்சர்தான்.

அதன் பிறகும் போதவில்லையென்றால் ரெசல்யூஷன். 1440பி மானிட்டரில் விண்டோஸ் ரெசல்யூஷனையோ கேம் ரெசல்யூஷனையோ 1080பி என்று வைக்காதீர்கள். பிக்சல் முழு எண்ணாகப் பொருந்தாமல் எழுத்தும் மெனுவும் மங்கும். கேமுக்குள் ரெண்டர் ஸ்கேலை (கேம் உள்ளே வரையும் ரெசல்யூஷனின் விகிதத்தை) மட்டும் குறையுங்கள். 80% வைத்தால் நீளம் அகலம் இரண்டும் குறைந்து 64% பிக்சல்தான் வரையப்படும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் நுட்பங்கள்) இருந்தால் அதைவிட நல்லது. 4கே-யில் அவற்றின் குவாலிட்டி மோடு என்றால் உள்ளே 1440பி வரைகிறது, வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 1080பி-யில் அதே குவாலிட்டி 720பி-யிலிருந்து எழும்புகிறது. கம்பி, புல், முடி மினுமினுக்கும். ஃப்ரேம் ஜெனரேஷனை (இடையிடையே புது ஃப்ரேமை உருவாக்கிச் சேர்ப்பதை) நம்பி 30-ஐ 60 ஆக்க நினைக்காதீர்கள். எண் ஏறும், மவுஸ் மட்டும் மந்தமாகவே இருக்கும். அடிப்படையே 60-ஐ ஒட்டி இருந்தால்தான் அது உருப்படியாக உதவும்.

சராசரி எஃப்.பி.எஸ்ஸைவிட 1% லோ எண்ணை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் எஃப்.பி.எஸ்ஸை) கவனியுங்கள். சராசரி 90, லோ 35 என்றால் ஆட்டம் விக்கும். 60-இல் பூட்டிவைப்பதே மேல். ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (கேமின் எஃப்.பி.எஸ்ஸுக்கேற்ப ஹெர்ட்ஸை மாற்றும்) மானிட்டர் என்றால் ஃப்ரேம் வரம்பை திரையின் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 144-க்கு 141 என்று வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் 60-க்கு மேல் வித்தியாசமே தெரியவில்லையா? விண்டோஸின் மேம்பட்ட டிஸ்ப்ளே பகுதியில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே நிற்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 கேபிளில் 4கே என்றால் வழக்கமாக 60-தான் உச்சம். மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.